கிரைண்டருக்கும் சேர்த்து ஒரு பேட்டரி

என் மனைவிக்கு நுரையீரல் பழுது. பகலில் பாதி நேரம் மூக்கில் குழாயோடுதான் இருப்பாள். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். திண்டிவனத்தில் எங்கள் தெருவில் மாதம் ஒரு நாள், பராமரிப்பு வேலை என்று காலை ஒன்பதுக்குப் போகும் கரண்ட் நாலு மணிக்குத்தான் வரும். அதற்காகவே லித்தியம் பேட்டரி வாங்கினேன்.

கணக்கு என்றால் எனக்குக் கொஞ்சம் திமிர். மெஷின் முந்நூற்றைம்பது வாட். ஏழு மணி நேரத்துக்கு இரண்டரை யூனிட். இன்வெர்ட்டர் தின்பதையும், பேட்டரியை அடிவரை வற்றவிடாமல் மிச்சம் வைப்பதையும் சேர்த்தால் மூன்றரையைத் தாண்டியது. நாலு யூனிட் பேட்டரி போதும் என்று முடித்தேன்.

விழுப்புரத்திலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் பழைய இன்வெர்ட்டரைத் திறந்து பார்த்தார். "சார், இதுல சார்ஜிங் தண்ணி பேட்டரிக்கு வெச்சிருக்கு. அப்படியே மாட்டினா புதுசு பேஜாராய்டும்" என்று லித்தியத்துக்கு மாற்றிவைத்தார். "அடுப்புப் பக்கம் வெக்காதீங்க, மேல துணி போடாதீங்க" என்றும் சொன்னார். பெட்டிக்குக் குங்குமப் பொட்டு வைக்க வந்த மனைவியை நான் அதட்டியதில், பொட்டு சுவருக்குப் போனது.

இன்வெர்ட்டர் சின்னது. அதனால் ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன்: 'மெஷினும் கிரைண்டரும் சேர்த்துப் போடக் கூடாது.'

அடுத்த முறை கரண்ட் நின்ற அன்று மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பினேன். வாசலிலேயே கிரைண்டர் சத்தம். பக்கத்து வீட்டு அம்மா எங்கள் கிரைண்டரில் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். கூடத்தில் என் மனைவி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். குழாய் மடியில் கிடந்தது, மெஷின் ஓடவில்லை. அவள் உதடு நீலம் பூத்திருந்தது.

கிரைண்டரை நிறுத்தினேன், மெஷினைப் போட்டேன், விரலில் ஆக்சிஜன் மீட்டரை மாட்டினேன். எண்பத்து நாலு. "புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" என்று கத்தினேன்.

"நீங்கதான எழுதி ஒட்டிக்கினு இருக்கீங்க, ரெண்டும் சேத்துப் போடாதன்னு" என்றாள், மூச்சு வாங்க. "அவங்க வீட்ல ஆறு பேரு. ஊறவெச்ச அரிசி வீணாப் போவும். செத்த நேரந்தான?"

"எனக்குத் தெரியாதுங்கண்ணா. குழாய் வேணாம், போதும்னு அக்காதான் சொன்னாங்க" என்று அந்த அம்மா அழுதேவிட்டார்.

மீட்டர் தொண்ணூற்று இரண்டுக்கு ஏறும்வரை அவள் கையை நான் விடவில்லை. அவ்வளவு பயந்துபோயிருந்தேன். இரண்டில் எதை நிறுத்த வேண்டும் என்று சீட்டில் நான் எழுதவில்லை. அதுகூடவா எழுத வேண்டும் என்று இருந்துவிட்டேன். விருந்தாளிக்குப் போட்டுவிட்டு, தான் சாப்பிட்டாயிற்று என்று பொய் சொல்கிறவளை இத்தனை வருஷம் பார்த்துமா எனக்குத் தெரியவில்லை?

மறுவாரம் எலக்ட்ரீஷியனை மறுபடி வரவழைத்தேன். பெரிய இன்வெர்ட்டர், அதே மாடலில் இன்னொரு பேட்டரி. நான் எழுதிக் கொடுத்த பட்டியலைப் பார்த்துச் சிரித்தார்.

"கிரைண்டர் ரெண்டு மணி நேரம்னு போட்டுக்கீறீங்க. ரெண்டு பேருக்கு எதுக்கு சார் அவ்ளோ மாவு?"

குழாயோடு உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்தாள்.

"அது இல்லன்னா இவ மெஷின நிறுத்திடுவா, தம்பி" என்றேன்.