கம்ப்யூட்டர் கொடுத்த மாத்திரை

அந்த மருந்துக்கடையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவள் கம்ப்யூட்டர். ஆள் படியேறும்போதே அவருடைய மாத்திரை கவுண்டருக்கு வந்துவிடும். டாக்டர் சீட்டை நீட்டினால், "அது எதுக்கு? எனக்குத் தெரியாததா?" என்று தள்ளிவிடுவாள். பதினாறு வருஷமாகப் பிசகியதில்லை என்பதில் அம்மணிக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்த மூளைக்கு அவள் போட்ட தீனிதான் படுமோசம். காலையில் வெறும் வயிற்றில் காபி, பதினோரு மணிக்கு இன்னொரு காபி, கூடவே நாலு பிஸ்கட். போனில் தொடர் பார்த்துவிட்டுக் கண்ணை மூட இரண்டு மணியாகும். ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் மட்டும், நல்லா தூங்குங்க, காலைச் சாப்பாட்டை விடாதீங்க என்று வாய் ஓயாமல் உபதேசம் செய்வாள்.

ஒருநாள் வேன் டிரைவர் வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர், ஐம்பத்தாறு வயது, ரத்தக்கொதிப்புக்கு மாதாமாதம் இங்கேதான் மாத்திரை வாங்குவார்.

"ஒரு வாரமா எழுந்து நின்னாலே தலை சுத்துதும்மா. மாத்திரை போட்டதை மறந்துட்டு மறுபடியும் ஒண்ணு போடறேனோ என்னமோ. எண்ணிப் பாக்கலாம்னா பழைய அட்டையும் கலந்து கிடக்குது."

கொண்டுவந்த அட்டையை நீட்டினார். அவள் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பத்து மில்லிகிராம். அவருக்கு எழுதியிருப்பது ஐந்து. இரண்டும் ஒரே நிறப் பெட்டி, ஒரே தட்டில் இருப்பவை. தூக்கம் கெட்ட ஏதோ ஒரு காலையில் கை தன்பாட்டுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறது. சீட்டைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பக்கத்தில் முதலாளி நின்றிருந்தார்.

"இருக்கும்ணே, வயசாகுதில்ல? இதைக் குடுங்க, வேற அட்டை தரேன். தினம் கொஞ்ச தூரம் நடங்க. ஏழு மணி நேரம் தூங்குங்க. காலைல ஒரு கைப்பிடி பாதாம், வால்நட் சாப்பிடுங்க. மூளைக்கு நல்லது."

அவர் பேனா கேட்டு வாங்கி, சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். எதில்? அவள் பார்க்காமல் விட்ட அதே சீட்டின் பின்பக்கத்தில்.

சரியான மாத்திரை கொடுத்தாயிற்று, இனி அவர் தேறிவிடுவார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த மாதம் ஒரு மத்தியானம் அவர் தெளிவான முகத்தோடு வந்தார்.

"தலைசுத்தல் போயே போச்சும்மா. எல்லாம் உன் புண்ணியம்." சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் காட்டினார். பாதாமும் வால்நட்டும். பிறகு வேன் சாவியை எடுத்தார். "நாலு மணிக்கு ஸ்கூல்ல இதை ஒப்படைச்சிடப் போறேன். மாத்திரை முழுங்கினதே ஞாபகம் இல்லாதவன் முப்பது பிள்ளைங்களை வச்சு ஓட்டலாமா? நீயே சொல்லு."

கடிகாரத்தில் மூன்றேகால். முதலாளி கல்லாவில் இருந்தார். வரிசையில் இரண்டு பேர். எதுவும் பேசாமல் மாத்திரையைக் கொடுத்தால் அவர் போய்விடுவார். சாவியும் போய்விடும்.

"அண்ணே, சாவியைக் குடுக்காதீங்க."

"ஏம்மா?"

"உங்களுக்கு மறதியே இல்ல. நான்தான் அஞ்சுக்குப் பதிலா பத்து குடுத்துட்டேன். தெரிஞ்சே பழியை உங்க மேல போட்டேன்."

முதலாளி எழுந்து நின்றார்.

டிரைவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஒரு மாசமா என் வீட்டுக்காரி நான் மாத்திரை முழுங்கறப்ப பக்கத்துலயே நிக்கறா. வாயைத் திறந்து காட்டச் சொல்றா, சின்னப் பிள்ளைகிட்ட கேக்கற மாதிரி. நானும் காட்டிட்டிருந்தேன்."

அவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். டப்பாவை அவள் பக்கம் தள்ளினார்.

"இது உனக்குத்தான் வேணும்."

அவர் படியிறங்கியதும் வரிசையில் அடுத்து நின்ற அம்மா முன்னால் வந்தார். வழக்கமாக வருகிறவர். எப்போதும்போலச் சீட்டை வெளியே எடுக்காமலே நின்றார். அவருடைய மூன்று மாத்திரையும் இவளுக்குத் தலைகீழாகத் தெரியும்.

"சீட்டைக் குடுங்கம்மா," என்றாள்.