ஃபெயில் ஆன டெஸ்டும் ஓடிய மெஷினும்

சனத்நகர் பட்டறையிலிருந்து ஃபோன் வந்தபோது காலை ஷிப்ட் தொடங்கி அதிக நேரம் ஆகியிருக்கவில்லை. தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸில் தகடு வைத்துக்கொண்டிருந்த ஆரோக்கியராஜின் வலது கை உள்ளே இருக்கும்போதே மெஷின் இறங்கிவிட்டது. அந்த பிரஸ்ஸை இயக்கும் கன்ட்ரோலரை பாலாநகரில் இருந்த எங்கள் கம்பெனிதான் செய்துகொடுத்திருந்தது. அதன் கர்னலை எழுதிய இரண்டு பேரில் நான் ஒருத்தி.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கன்ட்ரோலரில் ஓடும் எல்லா ப்ரோகிராம்களுக்கும் அடியில் இருப்பது கர்னல். மெமரியில் யார் எங்கே எழுதலாம், எங்கே எழுதக் கூடாது என்று எல்லை போடுவது அதுதான். டிஸ்ப்ளே ப்ரோகிராம் தவறிப்போய் கர்னலின் இடத்தில் எழுதப் பார்த்தால் ப்ராசஸர் தடுத்துவிட வேண்டும். அந்தத் தடுப்பு நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு நான் ஒரு செல்ஃப் டெஸ்ட் எழுதியிருந்தேன். ஸ்விட்ச் போட்டதும், பிரஸ் அசைவதற்கு முன்பே, கர்னல் வேண்டுமென்றே எழுதக் கூடாத இடத்தில் எழுதிப் பார்க்கும். தடுக்கப்பட்டால் பாஸ். எழுத முடிந்துவிட்டால் ஃபெயில், மெஷின் கிளம்பாது.

விபத்துக்குச் சில மாதங்கள் முன்பு பழைய ப்ராசஸர் சந்தையில் கிடைக்காமல் போனது. அதே வகையில் வேறொன்றைப் போட்டு போர்டு செய்தோம். புது போர்டில் என் டெஸ்ட் ஃபெயில் ஆனது. தேடிப் பார்த்ததில், மெமரியைக் காக்கும் பகுதியே அந்தச் சிப்பில் இல்லை. எல்லை போடும் கட்டளைகளை அது வாங்கிக்கொண்டது, எர்ரரும் தரவில்லை, எதையும் செய்யவும் இல்லை. டெஸ்ட் இல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

எங்கள் மேனேஜர் சீனிவாசன் சென்னைக்காரர். கெட்டவர் இல்லை, எந்த வாடிக்கையாளரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "டெஸ்ட்தானம்மா ஃபெயிலு? மெஷின் ஓடுதுல்ல?" என்றார். இந்தச் சிப்போடு அனுப்பக் கூடாது என்றேன். பட்டறையில் உற்பத்தி லைன் நின்றுகிடக்கிறது, இப்போதைக்கு ஃபெயிலை வார்னிங்காக மாற்றிவிடு, அடுத்த வெர்ஷனில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் மாட்டேன் என்றேன். என்னோடு வேலை செய்த கிரணைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னார். ஒரே ஒரு வரி. அதன்பிறகு டெஸ்ட் ஃபெயில் ஆனாலும் கன்ட்ரோலருக்குள் பதிவாகும் குறிப்பான லாகில் ஒரு வார்னிங் விழும், மெஷின் கிளம்பிவிடும்.

பிரஸ்ஸின் வாய்க்கு முன்னால் ஒளிக்கற்றைகளாலான ஒரு திரை உண்டு. கை அதைக் கடந்தால் கன்ட்ரோலர் பிரஸ்ஸை நிறுத்த வேண்டும். கன்ட்ரோலரை நம்பாமல் தானே பிரஸ்ஸை நிறுத்தும் தனி ரிலே கிடையாது. விபத்து நடந்ததும், ஒளியைத் திருப்பியனுப்பும் டேப்பை ஆபரேட்டர் திரையின் சென்சருக்கு முன்னால் ஒட்டி அதை ஏமாற்றியிருப்பார் என்று எங்கள் கம்பெனி சொன்னது. வேறு பட்டறைகளில் அப்படிச் செய்வதும் உண்டு என்பதால் எல்லோரும் நம்பினார்கள்.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், அதே கன்ட்ரோலரை அதே பிரஸ்ஸில் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். சீனிவாசன் என்னைத் தடுக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. முதலில் ஒரு மரக்கட்டையை நீட்டினோம்; பிரஸ் நின்றது. பிறகு வெறுமனே ஓடவிட்டோம். தயாரான தகடுகளின் எண்ணிக்கை டிஸ்ப்ளேயில் ஓர் இலக்கம் கூடியபோது, அந்தக் கூடுதல் இலக்கம் மெமரியில் தனக்குரிய இடத்தைத் தாண்டி, ஒளித்திரையைக் கவனிக்கும் பகுதியின் மேல் போய் விழுந்தது. மறுபடி கட்டையை நீட்டினோம். பிரஸ் இறங்கிக் கட்டையைப் பிளந்தது. கிரண் எழுந்து வெளியே போய்விட்டான்.

ஆரோக்கியராஜின் வீட்டுக்குப் போனேன். ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக அரக்கோணத்திலிருந்து அந்தக் காலத்தில் இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம். அவருடைய வலது மணிக்கட்டுக்குக் கீழே கட்டு மட்டும் இருந்தது. நான் எந்தக் கம்பெனி என்று சொன்னதும் அவர் மனைவி உள்ளே போய்விட்டார்.

"டேப் ஒட்டினேன்னு கையெழுத்து கேட்டாங்க மேடம். நக்கோ, வேணாம்னுட்டேன்," என்றார் அவர். "இடது கையில போடுன்னாங்க."

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"அப்ப அந்த மெஷினுக்குத் தெரியுமா, அது சரியில்லேன்னு?"

"தெரியும்ணா. ஆன் பண்ற ஒவ்வொரு தடவையும் ஃபெயில்னுதான் சொல்லியிருக்கு. லாகுக்குள்ள."

"எனக்குத் தெலுங்கு வரும், ஹிந்தி வரும். இங்கிலீஷ்ல ஸ்டாப்னு போட்டாலும் புரியும். எதுல சொல்லியிருந்தாலும் நின்னுருப்பேனே மேடம்."

டேப் கதை விசாரணையில் நிற்கவில்லை. அந்த போர்டு போட்ட கன்ட்ரோலர்கள் எல்லாவற்றையும் திரும்ப வாங்கினார்கள். அவருக்கு நஷ்டஈடு கிடைத்தது. பிரஸ் வேலை கிடைக்கவில்லை, வேறு வேலையும் இதுவரை கிடைக்கவில்லை. நான் ராஜினாமா செய்தேன். சீனிவாசன் இப்போது வேறொரு கம்பெனியில் இன்னும் பெரிய பதவியில் இருக்கிறார்.

டெஸ்ட் எழுதுவதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது என்று நினைத்திருந்தேன். ஃபெயில் என்ற செய்தி யார் கண்ணில் படுகிறது என்பதும் அந்த டெஸ்டைச் சேர்ந்ததுதான். மெஷினுக்கு முன்னால் நிற்கிறவருக்குப் போய்ச் சேராத வார்னிங்கை, அலுவலகத்தில் இருப்பவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்வதற்காக மட்டுமே எழுதிக்கொள்கிறார்கள்.