கடிகாரத்துக்குப் பின்னால் இருந்த படிவம்

நெவில் லெய்ட்லரின் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் போய்ச் சேருமிடம் கணப்புக்கு மேலே இருக்கும் பலகைதான். அங்கே ஒரு கடிகாரம். அதன் முதுகுப்புறத்தில் காஸ் பில், வீட்டு வரி, பல் ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் செருகியிருக்கும். வட இங்கிலாந்தில், டர்ஹம் கடற்கரையோரத்துச் சுரங்க ஊர்களில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். கட்ட வேண்டியது முன்னால் எட்டிப் பார்க்கும். கட்டி முடித்தது நடுவில் கிடக்கும். பார்க்கவே பிடிக்காதது கடைசியில், சுவரோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். 2010 ஆகஸ்டில் மகள் கிர்ஸ்டி கொண்டுவந்து நீட்டிய படிவம் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

பதினாறு வயதுக்கு மேலும் படிக்கிற ஏழைப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் வாராவாரம் முப்பது பவுண்ட் கொடுத்துவந்த காலம் அது. காசு பெற்றோர் கைக்கு வராது, பிள்ளையின் கணக்குக்கே போகும். ஒரு வகுப்புக்குக் காரணமில்லாமல் போகாவிட்டாலும் அந்த வாரக் காசு போச்சு. படிவத்தில் வீட்டு வருமானத்தை எழுதி, பெற்றோர் கையெழுத்துப் போட்டால் போதும். நெவிலின் மனைவி லொரேன் எல்லாவற்றையும் தன் குண்டு எழுத்தில் நிரப்பி வைத்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் கணவனின் சம்பள விவரமும் கையெழுத்தும் மட்டும்தான் பாக்கி.

அந்தக் கையெழுத்தைப் போட நெவிலுக்குக் கை வரவில்லை. அதற்குக் காரணம் அவன் வாய்தான் என்று நான் சொல்வேன். ஆனால் அந்த வாய்க்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

பதினாறு வயதில் சுரங்கத்தில் இறங்கியவன் நெவில். எண்பத்து நான்கில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்த வருஷம் பூராவும் கூலியில்லாமல் நின்று, தோற்று, மறுபடி இறங்கியவன். தொண்ணூற்று மூன்றில் சுரங்கத்தையே மூடியபோது அவனுக்கு வயது முப்பத்தைந்து. வேலையில்லாதவர்களுக்கான அலுவலகத்தில் போய் உட்கார்ந்தான். மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு பையன் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு படிவத்தைத் தள்ளி, "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்டான். பக்கத்து நாற்காலியில் தெருக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது வருஷம் பூமிக்கடியில் நிலக்கரி வெட்டியவனுக்கு எழுத ஒன்றுமே தோன்றவில்லை. 'எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். அன்றிலிருந்து அரசாங்கக் காகிதம் எது வந்தாலும் கடிகாரத்துக்குப் பின்னால் கடைசியில் செருகிவிடுவான்.

பிறகு ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் லொரேனைக் கல்யாணம் செய்துகொண்டான். ஒரே பெண். வீட்டுக்குப் பின்னால் ஒரு கூண்டில் பதினாறு பந்தயப் புறாக்கள். ஞாயிறு மதியம் சுரங்கத் தொழிலாளர் கிளப்பில் இரண்டு கோப்பை பீர். குறை சொல்ல ஒன்றுமில்லாத வாழ்க்கைதான்.

அந்தக் கிளப்பில்தான் வினை வந்தது. கிர்ஸ்டி பள்ளி முடிப்பதற்கு ஒரு வருஷம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, டெரெக் தன் அக்கா மகன் படிப்புக் காசில் புது ஷூ வாங்கிய கதையைச் சொன்னான். டெரெக் நெவிலோடு ஒரே நாளில் சுரங்கத்தில் இறங்கிய கூட்டாளி, அவனும் புறா வளர்ப்பவன். நெவிலுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"பள்ளிக்கூடம் போறதுக்குக் கூலியா? பதினாறு வயசுல மொத சம்பளக் கவரைப் பிரிக்காமக் கொண்டாந்து எங்கம்மா மேசையில வெச்சவன்டா நானு. இப்ப என்னடான்னா, 'ராசா, வகுப்புக்குப் போடா'ன்னு கவர்மென்ட்டு காசக் குடுத்துக் கெஞ்சுது. பிச்சை வாங்கிப் படிக்கிற படிப்பெல்லாம் ஒரு படிப்பா?"

மேசையே சிரித்தது. டெரெக் மட்டும், "உம் பொண்ணு காலேஜுக்குப் போறப்ப பாக்கத்தானே போறோம்" என்றான்.

"எம் பொண்ணுக்கு நான் இருக்கேன்டா."

இத்தனை பேர் முன்னால் சொல்லியாயிற்று. ஊர் சின்னது, யார் வீட்டுக்கு எது வருகிறது என்பது தபால்காரருக்கு முன்பே கிளப்புக்குத் தெரியும். படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அந்த மேசையில் எப்படிப் போய் உட்காருவது? இதுதான் நெவிலின் கவலை. மகளின் படிப்பைவிட இது பெரிதா என்று கேட்டால், பெரிதில்லை என்றுதான் அவனும் சொல்லியிருப்பான். ஆனாலும் போடவில்லை.

கிர்ஸ்டிக்குச் சமையல் படிக்க ஆசை. அதிலும் கேக்கும், பழம் அடைத்த 'பை' பலகாரமும் சுடுவதில்தான் உயிர். கல்லூரி டவுனில் இருந்தது, போக இரண்டு பஸ். வாரச் சீட்டுக்கே இருபத்து நான்கு பவுண்ட் ஆகும். வெள்ளைக் கோட்டும் சமையல் கத்திகள் செருகிய உறையும் தனிச் செலவு.

"அப்பா, அந்தக் காகிதத்த அனுப்பிட்டியா?" என்று செப்டம்பர் முதல் வாரம் கேட்டாள்.

"அனுப்பிட்டேன், அனுப்பிட்டேன்."

"எங்கூடப் படிக்கிற மெல்லுக்கு வீட்டுக்கே லெட்டர் வந்துச்சாம். அவ கொண்டுபோய்க் காலேஜ்ல காட்டினா."

"உன்னோடத நேரா காலேஜுக்கே அனுப்பிருவாங்களாம். நான் விசாரிச்சுட்டேன். நீ படிக்கிற வேலையப் பாரு."

அவன் சொல்லி அவள் நம்பாமல் இருந்ததில்லை. நம்பினாள். திங்கட்கிழமைதோறும் அவள் கணக்கில் முப்பது பவுண்ட் விழுந்தது. போட்டது நெவில்தான். தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் ரொக்கமாகக் கட்டிவிட்டு வருவான். கிர்ஸ்டி இயந்திரத்தில் கார்டைச் செருகி மீதியைப் பார்ப்பாளே தவிர, அது எங்கிருந்து வந்தது என்று எதற்குப் பார்க்கப்போகிறாள்?

காசுக்கு அவன் புறாக்களை விற்றான். ஜோடி ஜோடியாக, விற்றதெல்லாம் டெரெக்கிடமே. கூண்டு காலியாவதைக் கேட்ட லொரேனிடம், தீனி விலை ஏறிவிட்டது என்றான். கிர்ஸ்டி உடைந்துபோன எலுமிச்சைக் கேக்கும் பக்கம் சரிந்த 'பை'யும் வீட்டுக்குக் கொண்டுவருவாள். "பாத்தா அசிங்கமா இருக்கும், தின்னு பாரு" என்பாள். நெவில் தின்பான். அந்த வருஷம் அந்த வீட்டில் சந்தோஷம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

அக்டோபரில், அந்தக் காசை நிறுத்தப்போவதாகச் செய்தி வந்தது. வாங்கிக்கொண்டிருக்கிறவர்களுக்குக் கோடைவரை உண்டு, புதிதாக விண்ணப்பிக்கிறவர்களுக்கு டிசம்பரோடு கதவு சாத்தப்படும் என்றார்கள். கிளப்பில் நெவில் செய்தித்தாளைத் தட்டி, "கவர்மென்ட்டுக்கே புத்தி வந்துருச்சு பாத்தியா?" என்றான். டெரெக் எழுந்து இன்னொரு கோப்பை வாங்கப் போனான். அப்போது நெவிலின் கூண்டில் எட்டுப் புறாக்கள் மீதி. டிசம்பர் முழுக்க அந்தப் படிவம் கடிகாரத்துக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு முறை வெளியே எடுத்தான். பேனாவையும் எடுத்தான். 'வருமானம்' என்ற கட்டத்தைப் பார்த்ததும் மறுபடி செருகிவிட்டான். நான் அங்கே இருந்திருந்தால் அவன் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைத்திருப்பேன்.

ஜனவரியில் கிடங்கில் அவன் வேலையை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்தார்கள். பிப்ரவரி முதல் வாரம் கிர்ஸ்டிக்குக் காய்ச்சல். செவ்வாய், புதன் இரண்டு நாளும் கல்லூரியில் யாருக்கும் சொல்லாமல் மட்டம். சொல்லாமல் நின்றால் அந்த வாரக் காசு வராது என்பது கல்லூரியில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் திங்கட்கிழமை முப்பது பவுண்ட் வந்திருந்தது.

அவள் யாருடைய மகள்? தனக்குச் சேராத காசை வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியாது. பிறகு கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் வேறு. நேராகக் கல்லூரி அலுவலகத்துக்குப் போய், தப்பாகக் காசு வந்துவிட்டது என்று சொன்னாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எனக்கு யாருப்பா காசு போடுறா?"

நெவில் கூண்டைக் கழுவிவிட்டு வந்து ஈரக் கையோடு நின்றான்.

"அந்தம்மா மூணு தடவை தேடிப் பாத்தாங்க. லிஸ்ட்டுல லெய்ட்லர்னு ஒரு பேரே இல்லையாம். இனிமே சேர்க்கவும் முடியாதாம். டிசம்பர் கடைசியில குடுத்திருந்தாக்கூடக் கெடச்சிருக்குமாம்."

லொரேன் அடுப்பை அணைத்துவிட்டு நேராகக் கடிகாரத்துக்குப் போனாள். பதினேழு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு எங்கே கையை விட வேண்டும் என்று தெரியும். படிவத்தை உருவி மேசைமேல் விரித்தாள். அவளுடைய குண்டு எழுத்து மங்காமல் அப்படியே இருந்தது.

"அனுப்பிட்டேன்னு சொன்னியே, நெவ்."

"நான்தான் குடுத்துட்டு இருந்தேனே. ஒரு வாரமாவது நின்னுச்சா?"

"இனிமே என்னத்தக் குடுப்ப? கூண்டுல ரெண்டு புறா இருக்கு. ரெண்டு நாள் கூலி. எஞ்சம்பளம் வாடகைக்குப் போயிருது. அவ பஸ்ஸுக்கு உன் வீராப்பையா அடகு வெக்கிறது?"

"பிச்சைக் காசு வேண்டாம்னுதான்…"

"அது எம் பேர்ல வர்ற காசுப்பா" என்றாள் கிர்ஸ்டி. அவள் கத்தியிருந்தால் நெவில் தாங்கியிருப்பான். மெதுவாகத்தான் சொன்னாள். "நான் தெனம் போனேன். பனியில போனேன். அது பிச்சையா? நான் சம்பாதிச்சுருப்பேன்ப்பா."

மறுநாள் நெவில், சாவு வீட்டுக்கு மட்டும் போடும் கறுப்பு சூட்டைப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனான். அலுவலகக் கவுன்ட்டரில் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஐம்பத்திரண்டு வயதுக்காரன் அவர்கள் நடுவில் நின்றான். முறை வந்ததும் படிவத்தை நீட்டினான். இந்த முறை கையெழுத்து இருந்தது.

"தப்பு என்னோடதுங்க. பொண்ணுமேல ஒரு தப்பும் இல்ல. எவ்வளவு அபராதம்னாலும் போடுங்க."

கவுன்ட்டரில் இருந்த பெண் நல்லவள். "அபராதம்லாம் எதுவும் இல்லீங்க. திட்டத்தையே மூடிட்டாங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்றாள்.

"கஷ்டப்படுற பிள்ளைங்களுக்குன்னு வேற ஏதாவது…" அவன் படிவத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினான். "ஏதாவது இருந்தாக் குடுங்கம்மா. எதுவா இருந்தாலும் வாங்கிக்கிறேன்."

கிளப்பில் பேசிய அதே வாய்தான். பின்னால் நின்ற பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சிறிய நிதி ஒன்று இருந்தது, அதுவும் கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்துவிட்டது, அடுத்தது செப்டம்பரில்தான் வரும் என்றாள் அவள். நெவில் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தான். பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதான். பஸ் வந்தும் ஏறவில்லை, அடுத்த பஸ்ஸில்தான் ஏறினான்.

ஊரில் இறங்கியதும் டெரெக்கிடம் போனான். கடைசி ஜோடியையும் எடுத்துக்கொள் என்றான். அவன் நெஞ்சில் வைத்து வளர்த்த நீலப் பெட்டையும் அதில் ஒன்று.

டெரெக் வாசல்படியிலேயே நின்றான். "என்னால முடியாது நெவ். எனக்கும் வேலைய நிறுத்திட்டாங்க."

"பாதி விலைக்கு வாங்கிக்க."

"எனக்குப் புறா வேணும்னா வாங்கினேன்னு நெனச்ச? எங்கூண்டுல எடமே கெடையாதுடா. காரு ஷெட்டுல விட்டு வெச்சிருக்கேன், எம் பொண்டாட்டி தெனம் திட்டுறா. நீ கை நீட்ட மாட்ட, நானும் என்ன பண்ணுவேன்?"

நெவில் வீட்டுக்குத் திரும்பினான். செப்டம்பரிலிருந்து தன் வீட்டுக்குள் வந்ததெல்லாம் என்ன காசு என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

கிர்ஸ்டி படிப்பைச் சுலபத்தில் விடவில்லை. முதல் பஸ்ஸை விட்டுவிட்டு நாலு மைல் நடந்து, இரண்டாவது பஸ்ஸை மட்டும் பிடித்துப் பார்த்தாள். மூன்று வாரம் அப்படிப் போனாள். பனிச் சேற்றில் ஷூ பிளந்தது. காலையில் மாவு பிசைகிற வகுப்புக்கு ஆறு தடவை தாமதமானாள். நெவில் கூடவே நடக்கிறேன் என்றதற்கு, "நீ நடந்தா எனக்கு பஸ் சீட்டு வந்துருமாப்பா?" என்று கேட்டாள். மார்ச் நடுவில் கத்தி உறையை மெல்லிடம் விற்றுவிட்டாள். எதிர்த்திசையில் போகிற ஒரே பஸ்ஸில் ஏறி, கடைகளுக்கு சாண்ட்விச் அடைத்து அனுப்பும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். வெள்ளரித் துண்டு வைப்பது அவள் வேலை, ஒன்றுக்கு மூன்று துண்டு. அடுத்த ஆள் மூடிவிடுவான்.

முதல் வெள்ளிக்கிழமை. லொரேன் கொத்துக்கறியும் மாவுருண்டையும் அடுப்பில் வைத்திருந்தாள். நெவில் மேசையில் உட்கார்ந்திருந்தான். கிர்ஸ்டி உள்ளே வந்து ஒரு கவரை அவன் முன்னால் வைத்தாள். சம்பளம் வங்கிக்குத்தான் வரும். அவள் வழியில் இறங்கி எடுத்து, தானே ஒரு கவர் வாங்கிப் போட்டு ஒட்டியிருந்தாள்.

"இந்தாப்பா. பிரிக்கல."

அவள் குத்திக்காட்டவில்லை. அதுதான் கொடுமை. சின்ன வயசிலிருந்து அவன் பெருமையாகச் சொல்லிச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள். பதினாறு வயதில் சம்பளம் வந்தால் இப்படித்தான் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று அவள் உண்மையாகவே நினைத்திருந்தாள். அவள் கையில் வெள்ளரி வாசனை அடித்தது.

"நீயே வெச்சுக்கம்மா" என்றான் நெவில்.

"பரவால்ல, எடுத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்றப் போனாள்.

அவன் அதைத் தொடவில்லை. கொத்துக்கறிச் சட்டியை வைக்க மேசையில் இடம் வேண்டியிருந்தது. லொரேன் கவரை எடுத்து, கணப்புப் பலகைக்குப் போய், கடிகாரத்துக்குப் பின்னால் செருகிவிட்டு வந்தாள்.