முருகன் படத்துக்கு எதிரே இரண்டு பெடல்

கொமரலிங்கத்து நல்லம்மாளுக்கு மகள் ஒருத்தி, மகன் ஒருத்தன். மகள் சித்ரகலா முதலிபாளையத்தில் வாழ்க்கைப்பட்டாள். தம்பி வேல்குமார் அக்காள் பின்னாலேயே வந்து பனியன் கம்பெனியில் மெக்கானிக் ஆனான். சித்ரகலாவின் மகள்தான் தேவிப்பிரியா. காலேஜ் லீவெல்லாம் தையல் மிஷினில் உட்கார்ந்தே டிகிரி முடித்தவள். விமானப்படைக்கு எழுத்துத் தேர்வு எழுதித் தேறி, மைசூருக்கு வரச்சொல்லி அழைப்பும் வந்துவிட்டது.

அங்கே கடைசியாக ஒரு மிஷின் பரீட்சை உண்டு. திரையில் அலைகிற புள்ளியைக் கையில் ஒரு குச்சி, காலில் இரண்டு பெடல் கொண்டு நடுவில் நிறுத்த வேண்டும். அதில் தவறினால் ஆயுசுக்கும் விமானம் ஓட்டும் வேலைக்குப் போக முடியாது. இன்னொரு தடவை என்ற பேச்சே இல்லை.

வேல்குமார் சும்மா இருப்பானா? கழித்துப்போட்ட தையல் மிஷின் பெடல் இரண்டை எடுத்து, வெல்டிங் வைத்து, ஸ்பிரிங் மாட்டி, ஒரு குச்சியும் சேர்த்து, அதே மாதிரி புள்ளி அலைகிற கம்ப்யூட்டரோடு இணைத்துக் கொடுத்தான். இருக்கிற ஒரே ரூமில் முருகன் படத்துக்கு எதிரே வைத்தார்கள். பெடலுக்குச் சந்தனம் குங்குமம் இட்டுக் கற்பூரம் காட்டிய பிறகுதான் மருமகளை உட்காரவிட்டான்.

வெறுங்காலில்தான் பழகினாள். மிஷினைச் செருப்புக் காலால் மிதிக்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. பாட்டன் பூட்டன் தறிக்குழியில் இறங்கி நெய்த காலத்திலிருந்தே அப்படித்தான். கட்டைவிரல் நுனியாலேயே புள்ளியைக் கட்டி நிறுத்தும் அளவுக்கு வந்துவிட்டாள்.

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது, அழைப்பில் சொன்னபடி ஷூ வாங்கி வந்தாள். போட்டுப் பார்ப்போம் என்று அப்படியே உள்ளே வந்து பெடலில் காலை வைக்கப்போனாள்.

“ஏ, நில்லு,” என்றாள் அடுப்படியிலிருந்த சித்ரகலா. “சாமி இருக்கறது கண்ணுக்குத் தெரியலியா?”

“அங்க ஷூவோடதாம்மா உக்கார வெப்பாங்க. வெறுங்கால்ல பழகி என்ன பண்றது?”

“அங்க என்னமோ பண்ணிக்க. என்ற ஊட்டுக்குள்ள வேண்டாம்.”

“அப்பச் சாமியத் தூக்கி அந்தப்பக்கம் வையி.”

“வெப்பேன். உன்னையும் சேத்து வெளிய வெப்பேன்.”

மாமனிடம் போனாள்.

“பூஜை போட்ட பெடலு கண்ணு,” என்று இழுத்தான் வேல்குமார். “தொழிலையே மிதிச்ச மாதிரி ஆயிரும். ரெண்டு சாக்ஸு சேத்துப் போட்டு மிதி, எல்லாம் ஒண்ணுதான்.”

“ஒண்ணு இல்லீங் மாமா.”

“ஏரோப்ளேனே ஓட்டப்போற புள்ளைக்கு ஷூ ஒரு பெரிய விஷயமா?”

சாக்ஸ் வழுக்கியது. வாசலில் வைக்கலாம் என்றால் வயர் எட்டவில்லை, போதாக்குறைக்கு மழை. ஒருநாள் அம்மா வேலைக்குப் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு ஷூவைப் போட்டாள். பெடல் பக்கத்தில் கொண்டுபோன கால் அதன்மேல் இறங்க மாட்டேன் என்றது. யாரும் இல்லை, தடுப்பாரும் இல்லை. அவள் காலே அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஆத்திரத்தில் ஷூவைக் கழற்றிச் சுவரில் எறிந்தாள். அழுகை வந்தது. திரும்பவும் வெறுங்காலோடுதான் உட்கார்ந்தாள்.

மைசூரில் குழுவாகப் பேசவிட்டது, கயிறு கட்டித் தாண்டவிட்டது, நேர்காணல் எல்லாவற்றிலும் தேறினாள். கூடப் போனவர்களில் பாதிக்கு மேல் அங்கேயே மூட்டை கட்டிவிட்டார்கள். மிச்சமிருந்தது மிஷின் மட்டும்தான். ஷூவுக்குள் கட்டைவிரல் பெடலைத் தேடியது. எவ்வளவு மிதிக்கிறோம் என்றே தெரியவில்லை. தெரிய வருவதற்குள் புள்ளி ஓரத்துக்கு ஓடிவிட்டது.

அவள் திரும்பி வந்தபோது மாமன் வாசலிலேயே நின்றிருந்தான்.

“புள்ளி நின்னுச்சா கண்ணு?”

அவள் ஷூக் காலோடு நேரே உள்ளே போய், குங்குமம் இன்னும் அழியாத அந்தப் பெடல்மேல் ஏறி நின்றாள். சித்ரகலா ஷூவைப் பார்த்தாள், முருகன் படத்தைப் பார்த்தாள்.

“சொல்லும்மா,” என்றாள் தேவிப்பிரியா. “இப்பச் சொல்லு.”