லோகோ வெட்டுப்படக் கூடாது

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில், கம்பெனிப் படங்களைச் சேமித்து வைக்கும் மென்பொருள் என் பொறுப்பு. செல்போனுக்கோ டிவிக்கோ ஏற்ற அளவில் படத்தை அதுவே வெட்டிக்கொள்ளும். எதை வெட்டக் கூடாது என்று மட்டும் நாம் சொல்லிவைக்க வேண்டும். சட்டையிலுள்ள கம்பெனி லோகோவை என்று சொல்லியிருந்தேன். சோதித்துப் பார்க்கவில்லை.

ஆயுத பூஜையன்று தொழிலாளர்களின் குடும்பங்கள் வந்திருந்தன. கேன்டீன் டிவியில் ஒவ்வொருவர் படமும் பெயருடன் ஓடியது. அகலமான திரையின் நடுவே லோகோ பளிச்சென்று நின்றது. கழுத்துக்கு மேல் யாருக்கும் ஒன்றுமில்லை.

வெல்டிங் லைனில் வேலை செய்யும் முருகனின் அம்மா, சிவகங்கையிலிருந்து இதற்காகவே வந்தவர், மகனின் பெயரைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, ஒன் மொகத்தக் காணோமே?" என்றார்.

முருகன் சிரித்தான். "கம்பெனிக்கு மொகம் எதுக்கும்மா? சட்ட தெரியுதுல்ல, அது போதும்."

அவன் குறையாகச் சொல்லவில்லை. கம்பெனி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டான்.

ஓடிப்போய், முகத்தை வெட்டக் கூடாது என்று மென்பொருளில் மாற்றினேன். டிவியில் முகங்கள் வந்தபோது அந்த அம்மா பஸ்ஸுக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

முருகனைத் தினமும் பார்க்கிறேன். அது கம்பெனி செய்ததல்ல, நான் செய்தது என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.