ஒயர் இல்லாத குமிழ்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சிதம்பரத்துத் துணிக்கடையில் பெரிய ஏசியின் ஃபேன் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதுதான் ஆறு வருடமாக என் வேலை. நான் திருகும் குமிழுக்கு ஒயரே இல்லையாம்.

இன்று வந்த மெக்கானிக் கழற்றிக் காட்டினார். "சூடு ஏறுனா சென்சாரே ஃபேனை வேகமா ஓட்டும், குளுந்தா அதுவே கொறைக்கும். நீங்க சும்மா திருவிக்கினு இருந்திருக்கீங்க மாமா."

"திருவுனதும் இப்பதான் நல்லாருக்குன்னு ஜனங்க சொல்லுவாங்களேப்பா" என்றேன்.

முதலாளி சிரிக்கவில்லை. "அப்ப ஒனக்கு இங்க என்ன வேல?"

மூன்றாம் வகுப்போடு நின்றவனை ஐம்பது வயதில் யார் வேலைக்கு எடுப்பார்கள்? கெஞ்சினேன். புடவை மடிக்கத் தெரிந்தால் இரு என்றார்.

மடித்தேன். முதல் புடவைக்குள் என் தோள் துண்டும் சேர்ந்து மடிந்துவிட்டது. அந்தப் புடவையைத் துண்டோடு நெல்லிக்குப்பத்து அம்மா ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.