பின்சக்கரத்துச் சேறு

கார் கழுவுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கூரை, அடுத்து கண்ணாடிகள், பிறகு பானெட், கதவுகள், மட்கார்டுகள், கடைசியில் சக்கரங்கள். காய்ந்த தூசியைத் துணியால் தொடக் கூடாது. தண்ணீரை ஊற்றிவிட்டு அது இளகும்வரை பொறுத்திருக்க வேண்டும். சக்கரம் துடைத்த துணி வேறெங்கும் படக் கூடாது. இன்றும் என் வீட்டுக் காரை இந்த வரிசையில் நானேதான் கழுவுகிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இந்த வரிசையை அப்பாவும் பெரியப்பாவும் ஒரே நாளில் ஒரே ஆளிடம் கற்றார்கள். கீரிப்பாறைப் பக்கம் மலைத்தோட்டம் ஒன்றில் இருந்த துரை, சுதந்திரம் வந்தபின் சீமைக்குக் கப்பலேறத் தீர்மானித்துத் தன் கறுப்புக் காரை விற்றார். கோட்டாற்றில் கூட்டாக ஜவுளிக்கடை நடத்திவந்த அண்ணனும் தம்பியும் அதையும் கூட்டாகவே வாங்கினார்கள். துரையின் டிரைவர் எங்கள் ஊரான பூதப்பாண்டிவரை காரோடு வந்து, ஓட்டவும் கழுவவும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். ஓட்டப் பழக மாதக்கணக்கில் ஆயிற்று. கழுவுவதை இரண்டு பேரும் அன்றைக்கே பிடித்துக்கொண்டார்கள் என்று அம்மா சொல்வாள்.

நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய சமயம் குடும்பம் பாகம் பிரிந்தது. வயலும் தோப்பும் கடையும் பிரிந்தன. வீட்டுக்கு நடுவே சுவர் எழும்பியது. பேச்சு நடந்துகொண்டிருந்தபோது யார் வாயிலிருந்தோ ஒரு வார்த்தை விழுந்துவிட்டது. என்ன வார்த்தை என்று பிள்ளைகளான எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அன்றோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோயிற்று. காரை மட்டும் பிரிக்க வழியில்லை. விற்றுப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று மத்தியஸ்தம் பேசக் கோட்டாற்றிலிருந்து வந்த அம்மாவின் மாமா சொன்னபோது, முடியாது என்று இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்களாம். அந்தக் கூட்டத்தில் அவர்கள் ஒத்துப்போனது அது ஒன்றில்தான். கடைசியில், கார் மாட்டுவண்டி நின்ற பழைய வண்டிப்புரையில் பொதுவாக நிற்பது, ஒருவருக்கு ஒரு வாரம் மற்றவருக்கு மறுவாரம், ஞாயிற்றுக்கிழமை காலை கழுவித் துடைத்துச் சாவியைக் கைமாற்றுவது என்று முடிவாயிற்று. சுவர் பெரியவர்களுக்குத்தான், எனக்கு இரண்டு வாசலும் திறந்தே இருந்தன. ஆகவே சாவி கொண்டுபோய்க் கொடுப்பதும் வாங்கி வருவதும் என் வேலை.

‘கழுவித் துடைத்து’ என்ற அந்தச் சொல்லை இருவரும் எடுத்துக்கொண்ட விதம் மத்தியஸ்தர் நினைத்துப் பார்த்திருக்க முடியாதது. பெரியப்பா தோல் சீட்டுகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, பிசுக்கில்லாமல் துடைத்துக் கொடுத்தார். மறுவாரம் அப்பா கதவு இடுக்குகளைத் தீக்குச்சியில் துணி சுற்றித் துடைத்தார். அதற்கடுத்த வாரம் பெரியப்பா மட்கார்டின் உள்பக்கத் தாரை மண்ணெண்ணெய் தொட்டு எடுத்திருந்தார். கண்ணாடிக்குப் பழைய பத்திரிகை, சக்கரத்துக்குத் தேங்காய்த் தொண்டின் நார். சக்கரங்கள் என் பொறுப்பு. அப்பாவின் வேட்டிகள் நல்ல வயதிலேயே துணித்துண்டுகளாகிவிடுவதில் அம்மாவுக்கு வருத்தம் இருந்தது.

எதிர்வீட்டு வாத்தியாருக்கு இது நல்ல பொழுதுபோக்கு. “வேய், பெயிண்டு போயி இரும்பு தெரியப்போவுது. உம்ம அண்ணன் தேச்சது போக மிச்சத்த நீரு தேய்க்கீரு” என்பார். அப்பா தேய்த்துக்கொண்டே இருப்பார். அண்ணன் தன்னை ஒரு வார்த்தை குறைசொல்ல இடம் வைக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். சுவருக்கு அந்தப் பக்கமும் அதே எண்ணம்தான். குறை இல்லாததால் வார்த்தையும் இல்லை. இப்படியே வருஷங்கள் ஓடின.

ஐப்பசியில் விடாமல் பெய்த மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பாவின் வாரம் முடிந்து நான் சாவி வாங்கப் போனேன். வழக்கமாக என்னை உள்ளே கூப்பிட்டுத் தின்ன ஏதாவது கொடுக்கும் பெரியம்மை அன்று கதவைப் பாதி திறந்து, சாவியை என் கையில் வைத்துவிட்டு உடனே சாத்திக்கொண்டாள். வண்டிப்புரைக்குப் போய்ப் பார்த்தால், கார் சேறும் சகதியுமாக நின்றது. கதவுகளில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. சக்கரங்களில் வயல்மண் அப்பிக் கிடந்தது.

அப்பா வந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. பெரிய அத்தான் வேண்டுமென்று இப்படிச் செய்யக்கூடியவர் இல்லை, ஏதாவது காரணம் இருக்கும் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. அந்நேரம் பார்த்து வாத்தியார் குடையோடு தெருவில் வந்தார். காரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

“என்னவே, அண்ணாச்சி கடைசியில உம்ம மூஞ்சியில சேத்தப் பூசிட்டாரா?”

அது போதுமாக இருந்தது. ஒரு துளி சேறும் கலையாமல் காரை இப்படியே கோட்டாற்றுக்கு ஓட்டிக்கொண்டுபோய் மத்தியஸ்தரிடம் காட்டுவது என்று அப்பா தீர்மானித்தார். சாட்சிக்கு நான். நான் கதவைத் தொட்டபோது, “சேறு உதிராம ஏறு பிள்ளே” என்றார்.

இருவரும் ஏறி உட்கார்ந்தோம். அப்பா சாவியைப் போட்டார், ஆனால் வண்டியைக் கிளப்பவில்லை. முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் சேறு தெறித்து மங்கலாக இருந்தது. அவர் பக்கம் பளிச்சென்று இருந்தது. கண்ணாடியின் நடுவரை துடைத்த கை அங்கே நின்று, கோணலாகக் கீழே வழுக்கி இறங்கியிருந்த தடம் தெரிந்தது. அப்பா இறங்கிக் கூரையைத் தடவினார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. குனிந்து பார்த்தபோது காருக்கடியில் ஒரு துணி கிடந்தது. சுவரோரம் வாளி நிறையத் தண்ணீர். முன்சக்கரத்தின் அருகே பெரியப்பாவின் செருப்பு ஒன்று.

கூரை முடிந்திருந்தது, கண்ணாடி பாதியில் நின்றிருந்தது. அவமானப்படுத்த நினைக்கிறவன் கூரையிலிருந்து தொடங்கமாட்டான். இதை நான் இப்போது எழுதுகிறேன். அன்று எனக்குத் தெரிந்தது அப்பா வேகமாகப் பெரியப்பா வீட்டுக்குள் போனது மட்டும்தான். பாகம் பிரிந்த பிறகு அவர் அந்த வாசலை மிதித்தது இல்லை. நான் அம்மாவிடம் ஓடி, “எம்மா, அப்பா சண்டைக்குப் போயிட்டாவ” என்றேன். அரைத்துக்கொண்டிருந்த கையோடு அம்மா ஓடினாள்.

உள்ளே சண்டை எதுவும் இல்லை. பெரியப்பா நாற்காலியில் சுவரோடு சாய்ந்து வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். காலைக்கு வைக்காமல் முந்தின நாள் சாயங்காலமே கார் கழுவத் தொடங்கியபோது நெஞ்சைப் பிடித்திருக்கிறது. வாயுவாக இருக்கும் என்று பெரியம்மை சுக்குக் கஷாயம் கொடுத்திருக்கிறாள். படுத்தால் மூச்சுமுட்டுகிறது என்று அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறார். மகன் திருவனந்தபுரத்தில் காலேஜில் இருந்தான். பக்கத்தில் தம்பி வீட்டில் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, கார் கழுவவில்லை என்பது அவனுக்குத் தெரிய வேண்டாம் என்றாராம். காலையில் எழுந்து கழுவிவிடலாம் என்று நம்பியிருந்திருக்கிறார்.

அப்பா அவரைத் தாங்கிப் பிடித்துத் தெருவுக்குக் கொண்டுவந்தார். பெரியப்பா காரைப் பார்த்து நின்றுவிட்டார். பிறகு பெரியம்மையிடம் திரும்பி மெல்லச் சொன்னார்: “இந்தச் சேத்தோடயா என்னக் கொண்டுபோகப் போறான்? நாலுபேரு பாப்பாவல்லா.”

அப்பா கதவைத் திறந்து அவரை உள்ளே உட்கார்த்தினார்.

நாகர்கோவில் மிஷன் ஆஸ்பத்திரியில் பெரியப்பா பல நாட்கள் கிடந்தார். இருதயம் பழுதாகியிருக்கிறது, இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் பெரியம்மையிடமும் அப்பாவிடமும் சொல்லிவிட்டார். அப்பா தினமும் கடையை மூடியதும் நேரே அங்கே போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மருந்து வாங்கிக் கொடுப்பார், பழம் வாங்கிக் கொடுப்பார். கட்டில்வரை போகமாட்டார். உள்ளே இருந்தவரும் கூப்பிடமாட்டார். கஞ்சி கொண்டுபோன அம்மாவிடம் பெரியம்மை அழுதாள்.

“ஒரு வார்த்த பேசினா ரெண்டுபேருக்கும் வாய் தேஞ்சா போவும்? நாளைக்கு ஒண்ணு ஆயிட்டுதுன்னா இவிய அங்கயும் தம்பி இங்கயும் இருந்து என்ன செய்யதுக்கு?”

அம்மா அதை வீட்டில் வந்து அப்பாவிடம் அப்படியே சொன்னாள். அண்ணன் பேசாமல் தான் எப்படி முதலில் பேசுவது, பேசி அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவே அவர் நெஞ்சுக்கு ஆகாதே என்றார் அப்பா. அவருக்குப் பயம் இருந்தது என்று அம்மா பின்னால் சொன்னாள்.

வீடு திரும்பிய பெரியப்பாவுக்கு வண்டிப்புரையைப் பார்த்த ஜன்னலோரம் நாற்காலி போட்டார்கள். படி இறங்கக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது. கார் கழுவும் பேச்சே இல்லை. இரண்டு வாரத்துக்கும் சேர்த்து அப்பாவே கழுவினார். பெரியப்பாவின் வாரம் வரும்போது நான் சாவியைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுப்பேன். ஓட்ட முடியாதென்றாலும் சாவி முறைப்படி அங்கே இருந்தாக வேண்டும். அவர் வாங்கிக்கொண்டு, ஜன்னல் வழியாகக் காரை முன்னும் பின்னுமாகப் பார்ப்பார். குறை ஒன்றும் தென்படாது. சாவியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். வெளியே அப்பா துணியைப் பிழிந்து முடித்த பிறகும் சற்று நேரம் நிற்பார். பிறகு வீட்டுக்குள் போய்விடுவார்.

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் அப்பா வயல் வரப்போரம் வண்டியை இறக்கியிருந்ததால் சக்கரம் நாலிலும் சேறு. கூரை, கண்ணாடி, பானெட் என்று வரிசையாக முடித்தோம். மூன்று சக்கரங்களையும் நான் தேய்த்துவிட்டு நாலாவதற்கு, ஜன்னலைப் பார்த்திருந்த பின்சக்கரத்துக்கு வந்தேன்.

“அது கெடக்கட்டும் பிள்ளே.”

கழுவவில்லையே என்றேன்.

“கெடக்கட்டும்னேன்லா. நீ போயி சாவியக் குடு.”

களைத்துப்போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு போனேன். பெரியப்பா சாவியை வாங்கினார். ஜன்னல் வழியே பார்த்தவர் முன்னால் சாய்ந்தார். இன்னும் சாய்ந்தார்.

“ஒங்கப்பனுக்குக் கண்ணு தெரியலியாட்டீ?” என்று என்னிடம் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே குரல் கொடுத்தார். “ஏலே. பின்வீலுல என்னதுலே அது?”

அப்பா முதுகைக் காட்டியபடி துணி பிழிந்துகொண்டிருந்தார். திரும்பாமலே, “எங்கண்ணே?” என்றார்.

“எங்கயா? இங்க வந்து பாரு.”

அடுக்களையிலிருந்து வந்த பெரியம்மை வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அப்பா உள்ளே வந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, அண்ணன் விரல் நீட்டிய திசையில் வெகுநேரம் பார்த்தார்.

“ஆமாண்ணே. கவனிக்கல, விட்டுப்போச்சு.”

“கவனிக்க மாட்டே. கடையிலயும் நீ இப்பிடித்தான்” என்று பெரியப்பா ஆரம்பித்தார். கடை, சரக்கு, வயல், செத்துப்போன காளை என்று வருஷக்கணக்கான குறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அப்பா தரையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார். பெரியம்மை இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. அவ்வளவு துல்லியமாக வேலை செய்கிற அப்பா ஒரு சக்கரத்தால் இத்தனை பேச்சு கேட்கிறார். போதாததற்கு, கவனிக்கவில்லை என்று பொய்வேறு சொல்கிறார், நான்தான் காட்டினேனே. தொண்டு நாரையும் வாளியையும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அந்தச் சக்கரத்தை இடுக்கு இடுக்காகத் தேய்த்தேன். இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் என் அப்பாவைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று, கை எரியும்வரை தேய்த்தேன்.